முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர்

கௌரி, பிரபு, கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து இரண்டு பேரும் இதைப் படியுங்கள். நான் எட்டாவது வரைக்கும் போனவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தை மட்டும் திருத்தாதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டே நீங்கள் பேசியதைக் கேட்டேன். இருக்கிற கேமராக்களைக் கொடுத்துவிட்டு மிர்ரர்லெஸ் என்கிற புது மாதிரி கேமரா வாங்கப் போகிறோம் என்றீர்கள். வாங்குங்கள். ஸ்டுடியோ இப்போது உங்களுடையது, நான் வெயிலுக்கு ஒதுங்க வருகிற ஆள். ஆனால் பிரபு ஒரு வார்த்தை சொன்னான். "பழைய லென்ஸுங்க எல்லாம் அடாப்டர் போட்டா அப்படியே மாட்டிக்கும்பா. அதுக்குன்னு தனியா என்னாத்த யோசிக்கிறது?"

அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் அம்மா "காரம் ஜாஸ்தியா?" என்று கேட்டாள். காரம் இல்லை. பிலிமிலிருந்து டிஜிட்டலுக்கு நான் மாறினபோது இதே வார்த்தையைச் சென்னையில் ஒரு கேமராக் கடைக்காரர் சொன்னார். "உங்க பழைய லென்ஸ் எல்லாம் இதுல அப்படியே மாட்டிக்கும், சார்." அவர் பொய் சொல்லவில்லை. மாட்டிக்கொண்டது. மாட்டிக்கொள்வது வேறு, அடங்குவது வேறு என்பது எனக்குத்தான் அப்போது தெரியாது.

அந்தக் கடையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கேமராவோடு ஒரு சின்ன லென்ஸும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். பதினெட்டில் ஆரம்பித்து ஐம்பத்தைந்தில் முடிகிற ஜூம். நம்பர் குறையக் குறைய அகலம் கூடும், உங்களுக்குத் தெரியாததா? நான் அதைக் கையில் வாங்கி ஏற இறங்கப் பார்த்தேன். பிளாஸ்டிக். முட்டை ஓடு மாதிரி கனமே இல்லை. என் பையில் இருந்தது முழுக்க உலோகத்தில் செய்த இருபத்தெட்டு லென்ஸ். கீழே போட்டால் தரைதான் உடையும் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். "இந்த டப்பாவை வெச்சிக்கிட்டு நான் கல்யாணம் எடுக்கவா? வேணாம், லென்ஸ் இல்லாம பாடி மட்டும் குடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் காலத்தில் எங்களில் பாதிப் பேர் லென்ஸை இப்படித்தான் வாங்கினோம். தேங்காய் வாங்குகிறவன் மாதிரி கையில் தூக்கிப் பார்ப்போம். கனத்தால் நல்லது, கனக்காவிட்டால் மட்டம். கண்ணாடி வழியாக என்ன தெரிகிறது என்று பார்ப்பது அப்புறம்தான்.

ஊருக்கு வந்து சோதித்துப் பார்த்தேன். எங்கே? நம் கடை வாசலில். தெருவில் எத்தனை அடி வேண்டுமானாலும் பின்னால் போகலாம். ஐம்பது லென்ஸில் முகம் பெரிதாக வந்தது, சந்தோஷம். எழுபது இருநூற்றுப் பத்து ஜூமை மாட்டிக்கொண்டு செங்கம் ரோடு பக்கம் போனேன். ஆசிரமத்து மதிலில் உட்கார்ந்திருந்த மயிலின் கண் வரைக்கும் வந்தது. "பாருடி, தூரம் எல்லாம் கிட்ட வந்துடுச்சு" என்று உங்கள் அம்மாவிடம் காட்டினேன்.

தூரம் கிட்ட வந்தது என்றால் அகலம் எங்கேயாவது போயிருக்க வேண்டும் இல்லையா? அதை நான் கேட்கவில்லை. கூடினதைப் பார்த்தேன், குறைந்ததைப் பார்க்கவில்லை. உங்களுக்கு இப்போது இது அரிச்சுவடி. பிலிம் இருந்த இடத்தில் வைத்த சென்சார் பிலிமைவிடச் சின்னது. பெரிய தட்டுக்கு வார்த்த தோசையைச் சின்னத் தட்டில் வைத்தால் ஓரம் எல்லாம் வெளியே தொங்குகிற மாதிரி. தோசை அதேதான். தட்டுதான் போதாது.

இதில் வேடிக்கை என்னவென்றால் நான் தொழிலுக்கு வந்த புதிதில், வேலூரில் ஒரு ஸ்டுடியோக்காரரிடம் வேலை பார்த்தேன். கல்யாண வீட்டுக்குள் நுழைந்தால் அவர் பெண்ணையும் பார்க்க மாட்டார், மாப்பிள்ளையையும் பார்க்க மாட்டார். நேரே எதிர்ச் சுவருக்குப் போய் அதில் முதுகைச் சாய்த்து நிற்பார். அங்கே நின்று பார்த்துவிட்டுத்தான் பையையே திறப்பார். களைப்பாக இருக்கிறார் போல என்று நான் நினைத்துக்கொள்வேன். அவர் ஏன் அப்படி நின்றார் என்பது எனக்கு ஒரு கார்த்திகை தீபத்தன்றுதான் புரிந்தது.

தேரடி பக்கம் லாட்ஜ் வைத்திருந்த ஏகாம்பரம் ஐயாவை உங்களுக்கு லேசாக நினைவிருக்கும். லாட்ஜுக்கு மேலேயே வீடு. தீபத்தன்று சாயங்காலம் அந்த வீட்டு மொட்டை மாடியில் குடும்பம் மொத்தமும் வரிசையாக நிற்கும். பின்னால் மலை, மலை உச்சியில் தீபம். வருஷத்துக்கு ஒரே ஒரு படம். அதைச் சட்டம் போட்டு லாட்ஜ் வரவேற்பறைச் சுவரில் மாட்டுவார்கள். அந்தச் சுவரில் ஏற்கெனவே ஒரு வரிசை படம் இருந்தது. அவர் பிள்ளை பாபு இடுப்புக் குழந்தையாக இருந்ததிலிருந்து மீசை வைத்த ஆளாக நின்றது வரைக்கும் அதில் பார்க்கலாம். ரூம் கேட்டு வருகிறவன்கூடச் சாவி வாங்குவதற்கு முன் அந்தச் சுவரை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் போவான். சொந்தக்காரர்கள் வந்தால் கேட்கவே வேண்டாம். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று விரல் வைத்துப் பார்ப்பார்கள்.

அந்த வருஷம் அந்தப் பாபு கல்யாணம் செய்துகொண்டிருந்தான். பெண் பெயர் தேன்மொழி. வேறு சாதி. இரண்டு பேரும் வேலூரில் ஒரே இடத்தில் வேலை செய்தவர்கள், பதிவுத் திருமணம். ஏகாம்பரம் ஐயா பல மாதம் பிள்ளையோடு பேசவில்லை. தீபத்துக்கு முன்னால் என்ன தோன்றியதோ, "ரெண்டு பேரும் வந்து சேருங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவர் வீட்டம்மா சரோஜா அம்மாவுக்கு அதில் பாதி மனசுதான் என்று ஊருக்கே தெரியும். அந்தப் பெண் அந்த வீட்டில் முதல் தடவையாக நிற்கப் போகிற படம் அது. அந்தச் சுவரில் அவள் ஏறினால் அவள் அந்த வீட்டு மருமகள். ஏறாவிட்டால் அடுத்த தீபம் வரைக்கும் வருகிறவன் போகிறவன் எல்லாம் கேட்பான். அவ்வளவுதான் விஷயம், அவ்வளவு பெரிய விஷயம்.

நான் வழக்கம்போல மூன்று மணிக்கெல்லாம் போய்விட்டேன். அப்புறம் போனால் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. காலையிலிருந்து விரதம், தீபம் பார்த்துவிட்டுத்தான் சாப்பாடு. மாடியில் நான் எப்போதும் நிற்கிற இடம் ஒன்று உண்டு. கிழக்குக் கைப்பிடிச் சுவர் ஓரம், குதிகால் சுவரைத் தொட வேண்டும். இருபத்தெட்டை மாட்டி அங்கே நின்றால் குடும்பமும் அடங்கும், உச்சியும் அடங்கும். கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன் என்கிற தைரியத்தில் முன்கூட்டிப் பார்க்கவே இல்லை. கீழே லாட்ஜில் உட்கார்ந்து மோர்கூடக் குடிக்காமல் கதை பேசிக்கொண்டிருந்தேன்.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கின பிறகு மாடிக்குப் போனோம். எல்லாரும் வரிசையாக நின்றார்கள். நான் குதிகாலைச் சுவரில் வைத்து, கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன்.

இந்தக் கோடியில் ஏகாம்பரம் ஐயாவின் தம்பி இல்லை. அந்தக் கோடியில் தேன்மொழி இல்லை. மேலே மலை உச்சி இல்லை.

கண்ணை எடுத்தேன். எல்லாரும் இருக்கிறார்கள். மறுபடி வைத்தேன். இல்லை. லென்ஸ் மாற்றி மாட்டிவிட்டேனா என்று வளையத்தைத் திருப்பிப் பார்த்தேன். இருபத்தெட்டுதான். என் இருபத்தெட்டேதான். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினேன். உச்சி வந்தது, பாதிக் குடும்பம் போய்விட்டது. படுக்கவைத்தேன். குடும்பம் கொஞ்சம் வந்தது, உச்சி போய்விட்டது. இன்னும் ஒரு எட்டு பின்னால் போனால் போதும் என்று காலை நகர்த்தினேன். இடுப்பில் சுவர் இடித்தது.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு அந்தப் பக்கம் பாத்திரக்கடை துரைசாமி வீட்டு மாடி. முதுகோடு முதுகு ஒட்டின வீடுகள். மழைத்தண்ணீர்க் குழாய் யார் பக்கம் விழுவது என்று இரண்டு பேருக்கும் தகராறு வந்து, கோர்ட்டு வரைக்கும் போய், பேச்சு நின்று வருஷக்கணக்காகிவிட்டது. துரைசாமி சுவரை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி, மேலே கண்ணாடிச் சில்லு பதித்துவிட்டார். கோர்ட்டில் அது யாருடைய சுவர் என்பதுதான் கேஸ்.

"இன்னா யோசனை? எடுங்க" என்றார் ஏகாம்பரம் ஐயா.

"கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்றேன். எல்லாரும் தோளோடு தோள் நெருங்கினார்கள். சரோஜா அம்மாவுக்கும் தேன்மொழிக்கும் நடுவில் மட்டும் ஓர் ஆள் நிற்கிற இடம் அப்படியே இருந்தது. "இன்னும் கொஞ்சம்" என்றேன். சரோஜா அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டார், கால் நகரவில்லை. பாபு நடுவில் வந்து நிற்கப் பார்த்தான். "நீ உங்கப்பா பக்கத்துல நில்லு, அதான் எப்பவும் உன் இடம்" என்றார்.

அப்போதும் அடங்கவில்லை. மாடிக்கு மாடி ஜனம் ஏறியிருந்தது. ஊரில் ஒரு வீட்டிலும் விளக்கு ஏற்றவில்லை, மலைமேல் ஏறின பிறகுதானே ஏற்றுவோம். மேற்கே வானத்தில் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. தீபம் அப்புறம் பல நாள் எரியும். ஆனால் வானத்தில் வெளிச்சம் இருக்கும்போதுதான் மலை மலையாகத் தெரியும். இருட்டிவிட்டால் படத்தில் ஒரு புள்ளி நெருப்பு மட்டும்தான், அது மலைமேல் இருக்கிறதா மாடிமேல் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. எல்லாம் ஒரு பத்து நிமிஷக் கூத்து.

"அடங்கலீங்களா?" என்று கேட்டார் சரோஜா அம்மா. இத்தனை வருஷம் என் எதிரில் நின்றவர், என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"கொஞ்சம் இடிக்குதும்மா. புது கேமரா."

"ஆளு ஜாஸ்தியாயிடுச்சு, அதான்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இந்தத் தடவை வேணும்னா அது நிக்க வேணாம். வீட்டுக்கு வந்தாச்சில்ல, அடுத்த வருஷம் நின்னுக்கட்டும். கேமராவுக்கே அடங்கலன்னா நாம என்னா பண்றது?"

பாபு வாயைத் திறந்தான். அதற்குள் தேன்மொழி, "பரவால்லீங்க அத்தை, நான் அப்படி ஓரமா இருந்து பாக்குறேன்" என்று ஓர் அடி எடுத்து வைத்துவிட்டாள். கையில் ஏற்றாத அகல் விளக்கு. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளே, நான் பேசாமல் இருந்திருந்தால் வேலை முடிந்திருக்கும். ஒரு பக்கம் ஓர் ஆள் குறைந்தால் தம்பிக்காரர் உள்ளே வந்துவிடுவார். உச்சி பாதி வெட்டுப்பட்டாலும் தீபத்தைத் தனியாக எடுத்து லேபில் ஒட்டச் சொல்லியிருக்கலாம், அப்போதே அதெல்லாம் வந்துவிட்டது. வாடிக்கையாளரே சொல்கிறார், எனக்கென்ன? ஆனால் நான் கடையில் நின்று ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வேண்டாம் என்று சொன்னது சுற்றிச் சுற்றி வந்து ஒரு பெண்ணின் தலையில் விழப் பார்த்தது. அவள் அந்த வரிசையில் அதிகப்படி இல்லை. குறைந்தது என் பக்கத்தில்தான். இதை அங்கே சொல்லத் தெரியவில்லை. தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

"அவங்க போனாலும் உச்சி அடங்காதும்மா. ஆளைக் குறைச்சுப் பிரயோசனம் இல்ல. லென்ஸு கம்மி. நான்தான் பின்னால போவணும்."

"பின்னால எங்க போவ?" என்றார் ஏகாம்பரம் ஐயா.

நான் சுவரைக் காட்டினேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "அந்தாளு மாடியிலயா? என் குடும்பப் படத்துக்கு அந்தாளு மாடியில போய் நிப்பியா? படமே வேணாம்."

"ஏன், என் மாடியில நின்னா படம் தீட்டாயிடுமா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. துரைசாமி மனைவியோடு தீபம் பார்க்க நின்றிருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "வந்து நிக்கட்டுமே. ஆனா கேக்கணும். கேக்க வேண்டியவரு கேக்கணும்."

"நான் எதுக்குய்யா கேக்கணும்? அது என் சுவரு."

"உன் சுவருன்னா ஏறிக் குதி பாக்கலாம், சில்லு எப்படி இருக்குன்னு."

நான் வானத்தைப் பார்த்தேன். கோயில் பக்கமிருந்து மேளம் கேட்க ஆரம்பித்துவிட்டது. இரண்டு பேரும் கேஸ் நம்பர் வரைக்கும் போய்விட்டார்கள். தெரு வழியாகச் சுற்றிப் போகலாம் என்றால் கீழே ஜனம் அசையக்கூட இல்லை. கேட்க வேண்டியவர் கேட்க மாட்டார். கேட்டாலும் கொடுக்கிறவர் உடனே கொடுக்க மாட்டார். எனக்குப் பக்கத்தில் யாரோ வந்து நின்ற மாதிரி இருந்தது.

தேன்மொழி. ஒதுங்கி வந்தவள் அந்தச் சுவர் ஓரம்தான் வந்து நின்றிருந்தாள். எட்டிப் பார்த்து, "மாமா, அண்ணன் ஒரு அஞ்சு நிமிஷம் உங்க பக்கம் வரட்டுமாங்க? படம் எடுத்துட்டு உடனே வந்துடுவாரு" என்றாள்.

அந்தப் பெண்ணுக்குக் கேஸும் தெரியாது, குழாயும் தெரியாது. வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. இரண்டு கிழவர்கள் எதற்கோ சத்தம் போடுகிறார்கள், பக்கத்து வீட்டில் இதெல்லாம் சகஜம் என்று நினைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெரியவரை எப்படிக் கூப்பிட வேண்டுமோ அப்படிக் கூப்பிட்டாள்.

துரைசாமி எதிர்பார்க்கவில்லை. "மாமாவா? யாரும்மா நீ?"

பதில் சொல்வதற்கு முன்னால் அவள் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அப்போது ஏகாம்பரம் ஐயா சொன்னார். துரைசாமியைப் பார்த்துச் சொல்லவில்லை, மலையைப் பார்த்துச் சொன்னார். "என் மருமவ."

அவ்வளவு நேரம் அந்த வார்த்தையை அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை.

துரைசாமியின் வீட்டம்மா புருஷனை ஓர் இடி இடித்தார். "வீட்டுக்கு வந்த பொண்ணு மொத மொத ஒண்ணு கேக்குது, முழிச்சிக்கிட்டு நிக்கிறீங்களே! நீங்க ஏறி வாங்கண்ணா, நேரம் ஆவுது."

பாபு ஓடிப்போய் ஒரு கோணிச் சாக்கைக் கொண்டுவந்து நாலாக மடித்துச் சில்லின்மேல் போட்டான். ஏறுவதற்கு முன்னால் கேமராவை யாரிடமாவது கொடுக்க வேண்டும். கடன் வாங்கி வாங்கின சாமான், அதுவரைக்கும் உங்கள் இரண்டு பேரையே தொட விட்டதில்லை. தேன்மொழி கையை நீட்டினாள். கொடுத்தேன். அவள் வார்ப்பட்டையைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி வாங்கிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. நான் அந்தப் பக்கம் இறங்கியதும் அப்படியே சுவருக்கு மேலே கொடுத்தாள்.

இறங்கிப் பார்த்தால் இன்னொரு கஷ்டம். தரையில் நின்றால் சுவர் மறைக்கிறது. சுற்றுமுற்றும் பார்த்தேன். தண்ணீர் பிடிக்கிற பிளாஸ்டிக் டிரம் ஒன்று காலியாகக் கவிழ்த்திருந்தது. அதை நகர்த்தி மேலே ஏறினேன். ஆடியது. துரைசாமி வந்து என் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க சார், பரவால்ல."

"நீ பேசாம எடுய்யா. நீ விழுந்தா அதுக்கும் அந்தாளு எம்மேல கேஸ் போடுவான்."

கண்ணை வைத்தேன். தம்பிக்காரர் இருந்தார். உச்சி இருந்தது. வலது கோடியில் தேன்மொழி திரும்பிப் போய் நின்றுகொண்டிருந்தாள். கீழே ஓரத்தில் சுவரின் விளிம்பும் இரண்டு சில்லும் தெரிந்தன. இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்போதுதான் ஊரே ஒரே குரலில் அரோகரா என்றது. மலைமேல் ஏறிவிட்டது. எல்லாரும் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக் கைகூப்பினார்கள். ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான், கும்பிட்டு விளக்கேற்றின பிறகுதான் முகம் கிடைக்கும். காத்திருக்க வேண்டும். அன்று அந்தக் காத்திருப்பு மாதிரி எதுவும் என்னை வாட்டியதில்லை. வானம் போய்க்கொண்டே இருக்கிறது. "திரும்புங்க" என்று கத்த முடியாது, கும்பிடுகிறவர்களை எப்படிக் கூப்பிடுவது? என் காலைப் பிடித்திருந்த துரைசாமியும் ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். டிரம் ஒரு ஆட்டம் ஆடியது. நானும் டிரம்மின்மேல் நின்றபடியே, கேமராவோடு சேர்த்துக் கைகூப்பினேன்.

ஒவ்வோர் அகலாக எரிந்தது. ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கடைசியாகச் சரோஜா அம்மா திரும்பினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். கேமராவுக்குப் பின்னால் இருந்த சின்னத் திரையில் பார்த்தேன். தம்பிக்காரர் கண் மூடியிருந்தார். இன்னொன்று. கை அசைந்துவிட்டது. இன்னொன்று. அதில் எல்லாம் இருந்தது. மலை கறுப்பாக, அதன் ஓரத்தில் வானம் இன்னும் கொஞ்சம் நீலமாக, மேலே தீபம், கீழே அத்தனை முகமும். நாலாவது எடுக்கும்போது மலை வானத்தோடு சேர்ந்துவிட்டது. பிலிமாக இருந்திருந்தால் கழுவி வருகிற வரைக்கும் எத்தனை ராத்திரி தூக்கம் போயிருக்குமோ. அந்தத் திரைக்கு மட்டும் அன்று நன்றி சொன்னேன்.

சரோஜா அம்மாவுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த அந்த இடமும் படத்தில் அப்படியே இருக்கிறது. அதை நான் ஒன்றும் செய்ய முடியாது. என் வேலை எல்லாரையும் அடக்குவது, ஒட்டவைப்பது இல்லை. இரண்டு மூன்று வருஷம் கழித்து அதே இடத்தில் ஒரு குழந்தை நின்றது. அது வேறு கதை.

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்ல நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். கேமரா மாற்றும்போது உங்களிடம் இருக்கிற லென்ஸ் மாட்டுமா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். நீங்கள் வேலை செய்கிற இடங்களிலேயே இடுக்கானது எது என்று யோசியுங்கள். அடி அண்ணாமலையில் அந்த ஓட்டு வீட்டுக் கூடம் இருக்கிறதே, நிச்சயதார்த்தம் எடுத்தீர்களே, அந்த மாதிரி. அந்த வேலூர்க்காரர் மாதிரி அங்கே போய் முதுகைச் சுவரில் வைத்து நின்று பாருங்கள். அதில் அடங்குகிற லென்ஸை முதலில் வாங்குங்கள், அது பிளாஸ்டிக்காக இருந்தாலும் சரி. தூரத்துக்கு வாங்குவது அப்புறம். தூரம் போதவில்லை என்றால் காலால் நடந்து முன்னால் போகலாம். சுவரை யாரும் தள்ள முடியாது. எல்லா மாடியிலும் ஒரு தேன்மொழி இருக்க மாட்டாள்.

இன்னொன்று. அடங்கவில்லை என்றால் எதிரில் நிற்பவர்களில் யாரோ ஒருவர் "நான் ஒதுங்கிக்கிறேன்" என்பார். எப்போதும் யாராவது சொல்வார்கள். யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒதுங்கக் கூடாதவர்கள்தான் அதைச் சொல்வார்கள். அந்த நேரத்தில் உங்களுக்கு எவ்வளவு அவசரம் இருந்தாலும் அந்த வார்த்தையை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

அந்த வாரமே படத்தைப் பெரிதாகப் போட்டு, எப்போதும் கொடுக்கிற கடையில் சட்டம் போடக் கொடுத்தேன். சாயங்காலம் வாங்கிக்கொண்டு நம் ஸ்டுடியோவுக்கு வந்தேன். மறுநாள் லாட்ஜில் மாட்ட வேண்டும். மேஜைமேல் நிமிர்த்தி வைத்துப் பார்த்தேன். படத்தைச் சுற்றி வெள்ளை அட்டை வைத்து ஓரம் கட்டுவார்கள் இல்லையா, அது எப்போதும் நாலு பக்கமும் படத்தை ஒரு விரல் அகலம் மூடும். சட்டக்காரர் மேல் தப்பில்லை, அப்படி வைத்தால்தான் படம் நிற்கும். ஆனால் வலது பக்கம் அந்த ஒரு விரலுக்குள் தேன்மொழியின் தோளும், விளக்கைப் பிடித்திருந்த ஒரு கையும் போயிருந்தன.

கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். சட்டத்தைக் கவிழ்த்து, பின்னால் அடித்திருந்த சின்ன ஆணிகளைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அட்டையை வெளியே எடுத்து, ஸ்கேல் வைத்து, வலது ஓரத்தை மட்டும் பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினேன். ஒரு தரம் வைத்துப் பார்ப்பேன், மறுபடி சீவுவேன். தோள் வந்தது. கை வந்தது. கடைசியில் அகல் விளக்கும் வந்தது.

ஆணிகளைத் திரும்ப அடித்துவிட்டு, கண்ணாடியில் பதிந்திருந்த என் விரல் தடத்தை வேட்டி நுனியால் துடைத்தேன்.